டயாலிசிஸ் நோட்டும் இதயமும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று எந்த ஊர் டயாலிசிஸ் வார்டுக்குப் போனாலும் ஒவ்வொருவர் பையிலும் ஒரு நோட்டு இருக்கும். ஓரம் மடங்கி, மருந்துக் கறை பட்டு, நடுவில் பழைய லேப் சீட்டுகள் செருகி. தேதி, வந்தபோது எடை, போகும்போது எடை, பிரஷர், எடுத்த தண்ணீர், போட்ட ஊசி எல்லாம் அதில் எழுதியிருக்கும். "அப்பாவுக்கு ஹார்ட் எப்படி இருக்கு, கொலஸ்ட்ரால் பார்த்துடலாமா சார்?" என்று கேட்கிற வீட்டார் அந்த நோட்டைப் புரட்டுவதில்லை. ஆனால் அடுத்த ஒரு வருடத்தில் அவர் இதயத்துக்கு என்ன நேரக்கூடும் என்பதைக் கொலஸ்ட்ரால் சீட்டை விட அந்த நோட்டுதான் அதிகம் சொல்லும். அதை எப்படிப் படிப்பது என்பதற்காக இதை எழுதுகிறேன். நோயாளியின் வீட்டார், ஸ்டாஃப் நர்ஸ், டெக்னீசியன், வார்டுக்குப் புதிதாக வந்த டாக்டர் என்று எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

டயாலிசிஸில் இருப்பவர்களின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் இதயத்துக்கு. ஃபோலி, பார்ஃப்ரே, சார்னக் என்ற மூன்று மருத்துவர்கள் 1998-இல் அமெரிக்கப் பதிவேடுகளை வைத்து எழுதிய கட்டுரையில், மற்றவர்களை விட டயாலிசிஸ் நோயாளிகள் இதய நோயால் இறப்பது, வயதைக் கணக்கில் எடுத்த பிறகும், 10 முதல் 20 மடங்கு அதிகம் என்று காட்டினார்கள். முப்பது வயதுக்காரரின் இதய ஆபத்து, சிறுநீரகம் நன்றாக இருக்கும் எண்பது வயதுக்காரரின் ஆபத்தை எட்டிவிடுகிறது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த மரணங்களில் ரத்தக்குழாய் அடைத்து வரும் மாரடைப்பை விட, துடிப்பு தாளம் தப்பித் திடீரென்று நின்றுபோவதே அதிகம். அடைப்பை மட்டும் தேடினால் பாதி ஆபத்து கண்ணில் படாது.

ஊரில் மற்றவர்களுக்குப் போடும் இதய ஆபத்துக் கணக்கு இங்கே ஏன் தவறுகிறது? அந்தக் கணக்குகளின் தாய், அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊர் மக்களை வைத்து 1948-இல் தொடங்கிய ஆய்வு. வயது, பிரஷர், கொலஸ்ட்ரால், சுகர், புகை. சிறுநீரகம் வேலை செய்கிற மனிதர்களுக்கு அது பொருந்தும். டயாலிசிஸுக்கு வந்த பிறகு சில எண்கள் தலைகீழாகின்றன. கொலஸ்ட்ரால் குறைந்தவர், மெலிந்தவர், ஒவ்வொரு முறையும் டயாலிசிஸ் தொடங்கும் முன் பிரஷர் குறைவாக இருப்பவர், இவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள். கொழுப்பு இதயத்தைக் காக்கிறது என்று இதற்குப் பொருள் கிடையாது. சாப்பாடு இறங்காமல், உடம்புக்குள் அழற்சி ஓடிக்கொண்டிருக்கும் ஆளுக்குக் கொலஸ்ட்ரால் தானாகவே இறங்கிவிடும். அந்தக் குறைந்த எண் நலிவின் அடையாளம். ஜெர்மனியில் டயாலிசிஸில் இருந்த 1,255 சர்க்கரை நோயாளிகளுக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் மாத்திரை கொடுத்துப் பார்த்த 4டி ஆய்வு 2005-இல் வெளிவந்தது. கெட்ட கொழுப்பு நன்றாகக் குறைந்தும், மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கு குறிப்பிடும்படி குறையவில்லை. 2009-இல் அதே வகை ரோசுவாஸ்டாடின் கொடுத்த அரோரா ஆய்விலும் அதே கதைதான். அதனால் டயாலிசிஸில் இருப்பவருக்கு அந்த மாத்திரையைப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை, முன்பிருந்தே சாப்பிட்டு வருபவர் நிறுத்தவும் வேண்டாம் என்பதே 2013 முதல் உள்ள வழிகாட்டுதல்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் எடை.

ஒரு மாதிரிக் கணக்கு. டிரை வெயிட், அதாவது கூடுதல் தண்ணீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை, 55 கிலோ. வியாழக்கிழமை முடித்துப் போனவர் திங்கட்கிழமை 58.4 கிலோவோடு வருகிறார். ஏறியது 3,400 மி.லி. முடிவில் குழாயில் நிற்கும் ரத்தத்தை உடம்புக்குத் திருப்ப விடும் சலைன் 200 மி.லி., நடுவில் குடிக்கும் காபி 100 மி.லி. ஆக மிஷினில் போட வேண்டியது 3,700. நான்கு மணி நேரத்தில் அதை எடுத்தால், ஒரு மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 16.8 மி.லி. வேகம். இந்த வேகம் 13-ஐத் தாண்டியவர்களிடம் இதய மரணம் கூடுகிறது என்று 2011-இல் வந்த ஆய்வு காட்டியது. இதயம் ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கு 10-ஐத் தாண்டும்போதே கவலை தொடங்குகிறது. 55 கிலோக்காரருக்கு 13 என்ற எல்லையில் நான்கு மணிக்குள் எடுக்கக்கூடியது 2,860 மி.லி. மட்டும். 3,700-ஐயும் எடுக்க வேண்டுமானால் ஐந்து மணி பத்து நிமிடம் வேண்டும். அடுத்த ஷிப்ட் ஆள் வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது அந்த ஒரு மணி நேரம் கிடைப்பது கஷ்டம்தான். அப்போது செய்யக்கூடாதது நான்கு மணிக்குள் எல்லாவற்றையும் உறிஞ்சுவது. செய்ய வேண்டியது, 2,860-ஓடு நிறுத்திவிட்டு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ஒரு கூடுதல் டயாலிசிஸுக்கு இடம் கேட்பது.

வேகமாக உறிஞ்சினால் என்ன ஆகிறது என்பது வார்டில் எல்லோருக்கும் தெரிந்த காட்சி. மூன்றாவது மணி நேரத்தில் கொட்டாவி, வியர்வை, கெண்டைக்கால் இழுப்பு, பிரஷர் 80. காலைத் தூக்கி வைத்து, சலைன் விட்டு, சரியாகிவிட்டது என்று எழுதிவிடுகிறோம். உள்ளே இதயத் தசையின் சில பகுதிகள் ரத்தம் போதாமல் சிறிது நேரம் சுருங்காமல் மரத்து நின்றிருக்கும். பெரிய ரத்தக்குழாயில் அடைப்பே இல்லாதவர்களிடமும் இது நடப்பதை டயாலிசிஸ் ஓடும்போதே எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். வாரம் தவறாமல் இது நடந்தால் அந்தப் பகுதிகள் நிரந்தரமாகத் தளர்கின்றன. அதனால் நோட்டில் வந்த பிரஷர், போன பிரஷர் மட்டும் போதாது. நடுவில் இறங்கிய மிகக் குறைந்த பிரஷரையும், அது எத்தனையாவது மணியில் என்பதையும் எழுத வேண்டும். மேல் எண் 90-க்குக் கீழ் அடிக்கடி போகிறவர் ஆபத்துப் பட்டியலில் மேலே வர வேண்டியவர். பல நோட்டுகளில் அந்தக் கட்டமே கிடையாது. ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஏறுவதற்குத் தண்ணீரைத் திட்டிப் பயனில்லை. உடம்பு ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைக்கச் சுமார் 8 கிராம் உப்பு வேண்டும். 3.4 லிட்டர் என்றால் 27 கிராம். நான்கு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு ஏழு கிராம், ஒரு டீஸ்பூனுக்குச் சற்று மேல். வேதாரண்யத்து உப்பளமும் நாகப்பட்டினத்துக் கருவாடும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற நமக்கு ஏழு கிராம் என்பது சாதாரணச் சாப்பாடு. பழைய சோற்றுக்கு ஒரு மோர்மிளகாய், ரசத்துக்கு ஒரு அப்பளம், ஆடிப்பெருக்குக்குக் கட்டிக்கொண்டு போகும் புளிச்சோறு. இந்த உப்பு உள்ளே போனால் தாகம் எடுத்தே தீரும். "தண்ணி குடிக்காதீங்க" என்று அவரை மிரட்டுவது பசித்தவனிடம் பசிக்காதே என்று சொல்வது போல. வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து உப்பைக் குறைத்தால்தான் அவருக்குக் குறையும்.

வார்டிலிருந்தும் உப்பு ஏறும், இதைப் பலர் கவனிப்பதில்லை. கால் இழுக்கிறது, பிரஷர் இறங்குகிறது என்று மிஷின் கரைசலில் சோடியத்தை (உப்பின் ஒரு பகுதி) 142, 145 என்று ஏற்றிவிடுவது வழக்கம். அன்றைக்கு இழுப்பு நிற்கும். அந்தச் சோடியம் ரத்தத்தில் ஏறி வீட்டுக்குப் போகும், பஸ்ஸை விட்டு இறங்கியதும் இரண்டு சொம்பு தண்ணீர் கேட்கும், அடுத்த முறை எடை இன்னும் ஏறியிருக்கும், மறுபடி இழுக்கும். உப்பைக் குறைத்தும் எடை ஏறிக்கொண்டே போகிறவரின் நோட்டில், மிஷின் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள்.

இனி எடையிலேயே ஒளிந்திருக்கும் ஒன்று. என் பார்வையில் இந்தப் பதிவில் இதுதான் முக்கியமானது. தை மாதம் ஒருவருக்கு டிரை வெயிட் 55 என்று குறித்தாகிவிட்டது. மாசியில் காய்ச்சலோ கால் புண்ணோ வந்து மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. தசை இரண்டு கிலோ கரைந்துவிட்டது. ஆனால் நோட்டில் 55 என்று இருப்பதால், ஒவ்வொரு முறையும் 55 வரும் வரைதான் தண்ணீர் எடுக்கிறார்கள். கரைந்த இரண்டு கிலோ சதையின் இடத்தில் இரண்டு கிலோ தண்ணீர் உட்கார்ந்துவிட்டது. எடைக்கட்டத்தில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். பக்கத்துக் கட்டத்தில் பிரஷர் 140, 150, 165 என்று ஏறும். ஒரு மாத்திரை கூடும், பிறகு இன்னொன்று. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் 3.8-லிருந்து 3.2-க்கு இறங்கியிருக்கும். ராத்திரி இரண்டு தலையணை, பிறகு மூன்று, பிறகு திண்ணையில் உட்கார்ந்தே தூக்கம். இதை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் வீட்டில் இருப்பவர்தான். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, ரவிக்கைக் கை தளர்ந்துவிட்டது, மோதிரம் கழல்கிறது, ஆனால் வார்டில் எடை மட்டும் அப்படியே இருக்கிறது என்றால் டிரை வெயிட் தப்பு. உடனே சொல்லுங்கள்.

பிரஷர் மாத்திரை நான்காகிவிட்ட நோயாளியிடம் ஐந்தாவதை எழுதும் முன் டிரை வெயிட்டை ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. 2009-இல் அகர்வால் குழுவினர் 150 பேரிடம் இதைச் செய்து காட்டினார்கள். எடையைச் சுமார் ஒரு கிலோ குறைத்ததற்கே எட்டு வாரத்தில் மேல் பிரஷர் ஆறேழு புள்ளி அதிகமாக இறங்கியது. குறைப்பதை மெதுவாகச் செய்ய வேண்டும். 55 கிலோக்காரருக்கு ஒரு தடவைக்கு 200 முதல் 500 கிராம். இழுப்பு வந்தால் பாதியாக்கி அடுத்த முறை. தராசையும் ஒரு முறை பாருங்கள். வரும்போது செருப்பும் போனும் சில்லறைப் பையுமாக ஏறி, போகும்போது வெறுங்காலோடு ஏறினால் அரைக் கிலோ பொய் சொல்லும்.

வார்டில் எடுக்கும் பிரஷரை வைத்து இதய ஆபத்தை எடை போடுவது சரிப்படாது. வரும்போது தண்ணீரோடு, போகும்போது வற்றி. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் வீட்டில் காலையும் மாலையும், ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த இணைத்து வைத்த ரத்தக்குழாய்) இல்லாத கையில், ஒரு வாரம் எடுத்துச் சராசரி பாருங்கள். 135/85-க்கு மேல் இருந்தால் அதுதான் உண்மையான பிரஷர்.

அடுத்தது இடைவெளி. வாரம் மூன்று முறை செய்துகொள்ளும் 32,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க நோயாளிகளை வைத்து 2011-இல் வெளிவந்த ஆய்வில், நீண்ட இடைவெளி முடியும் நாளில் இறப்பு விகிதம் நூறு பேர்-ஆண்டுக்கு (நூறு பேரை ஓர் ஆண்டு கவனித்ததற்குச் சமம்) 22.1, மற்ற நாட்களில் 18.0. அங்கே நீண்ட இடைவெளி என்பது வெள்ளி முதல் திங்கள் வரை. நம் ஊரில் வாரம் இரண்டு முறைதான் பலருக்கு. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கட்டாமல் செய்துகொண்டாலும் இடமும் பயணமும் அப்படித்தான் அமைகின்றன. திங்கள், வியாழன் என்றால் வியாழன் முதல் திங்கள் வரை நான்கு நாள். கோடியக்கரைப் பக்கத்திலிருந்து வருகிறவருக்கு ஒரு நாள் தவறினால் அது ஏழு நாளாகிவிடும். இருக்கிற இரண்டு முறையையும் தள்ளிப்போடாமல் வருவதே இதயத்துக்குச் செய்யும் முதல் வைத்தியம். நோட்டில் வராத நாட்களுக்கும் ஒரு வரி எழுதி, ஏன் என்று குறிக்க வேண்டும்.

வாரம் இரண்டு முறை போதுமா என்பதைச் சிறுநீர்தான் முடிவு செய்யும். இன்னும் நாளுக்கு அரை லிட்டர் போகிறவருக்கும் சொட்டுக்கூடப் போகாதவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு பாட்டிலில் 24 மணி நேரச் சிறுநீரைப் பிடித்து அளந்து நோட்டில் எழுதுங்கள். அளவு குறைந்துகொண்டு வந்தால் மூன்றாவது முறை பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. மிச்சமிருக்கும் அந்தச் சிறுநீரைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி, நடவு நட்ட இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபெனாக் ஊசி. "டயாலிசிஸ்தான் பண்றோமே, இனி என்ன கெடப்போகுது?" என்று கேட்கிறார்கள். கெடுவதற்கு நிறைய இருக்கிறது.

பொட்டாசியம். துடிப்பு நிற்பதற்கு நேரடிக் காரணம் இதுவாக இருக்கலாம். உடம்பைக் குளிர்ச்சியாக்கும் என்று இளநீர், கல்லைக் கரைக்கும் என்று வாழைத்தண்டுச் சாறு. சிறுநீரகம் வேலை செய்கிறவருக்கு இரண்டும் நல்லவை, டயாலிசிஸில் இருப்பவருக்கு நீண்ட இடைவெளியில் இவை ஈசிஜியையே மாற்றிவிடும். ஒரு டம்ளர் இளநீரில் 500 மி.கி. அளவுக்குப் பொட்டாசியம் இருக்கும். கீரை, உருளை, வாழைக்காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால் ஒரு பகுதி குறையும். டயாலிசிஸுக்கு முன் ரத்தத்தில் பொட்டாசியம் 4.6 முதல் 5.3 வரை இருந்தவர்களே நன்றாகப் பிழைத்தார்கள் என்று பெரிய பதிவேட்டு ஆய்வு ஒன்று சொல்கிறது. அதற்குக் கீழும் நல்லதில்லை, மேலும் நல்லதில்லை. 6.5 என்று கண்டதும் பதறி, பொட்டாசியம் 1 மட்டுமே உள்ள டயாலிசிஸ் கரைசலைப் போட்டு வேகமாக இறக்குவதும் தாளத்தைக் கெடுக்கும். ரத்தம் எடுத்த குழாய் வெயிலில் பைக்கில் போய்ச் சிவப்பணு உடைந்தாலும் எண் பொய்யாக ஏறும். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பொட்டாசியம் இறங்கும் நாளில் தாளத்தைத் தொடும் அசித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்), ஆன்டான்செட்ரான் (வாந்தி மருந்து) போன்றவற்றைச் சேர்த்துக் கொடுப்பதும் அதே ஆபத்துதான்.

பாஸ்பரஸ் நெடுநாள் 5.5-க்கு மேல் இருந்தால் ரத்தக்குழாய்ச் சுவரிலும் வால்விலும் சுண்ணாம்பு படியும். அதைப் பார்க்க விலை உயர்ந்த ஸ்கேன் தேவையில்லை. இடுப்புப் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் மகாதமனிச் சுவர் வெள்ளைக் கோடாகத் தெரிகிறதா என்று பார்த்து 0 முதல் 24 வரை மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. எக்கோவில் வால்வு சுண்ணாம்பைச் சேர்த்து எழுதச் சொன்னால் எழுதிக் கொடுப்பார்கள். எக்கோ எடுக்கும் நாளும் முக்கியம். தண்ணீர் ஏறிய நாளில் எடுத்தால் இதயம் பெரிதாகவும், டயாலிசிஸ் முடிந்த கையோடு எடுத்தால் தளர்ந்தும் தெரியலாம். டயாலிசிஸுக்கு மறுநாள், டிரை வெயிட்டில் எடுப்பதே ஒப்பிட உதவும். சுவர் தடிப்பைப் பார்த்து அதிர்ச்சியடைய வேண்டாம், டயாலிசிஸ் தொடங்கும்போதே நான்கில் மூன்று பேருக்கு அது இருக்கும். அடுத்த எக்கோவில் அது கூடியிருக்கிறதா, பம்பிங் குறைந்திருக்கிறதா என்பதே கேள்வி. மேல்கை ஃபிஸ்டுலா புடைத்துப் பெரிதாகி மூச்சும் வாங்கினால், அதில் ஓடும் ரத்தத்தின் அளவையும் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு ஒன்றரை, இரண்டு லிட்டரைத் தாண்டினால் இதயம் அதற்காகவும் உழைக்கிறது.

இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் புரதமான ட்ரோபோனின் இங்கே அடிக்கடி குழப்பும். டயாலிசிஸில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது எப்போதும் கொஞ்சம் கூடியே இருக்கும். எவ்வளவுக்குக் கூடியிருக்கிறதோ அவ்வளவுக்கு நீண்டகால ஆபத்து அதிகம். ஆனால் இன்றைக்கு மாரடைப்பா என்று தெரிய, சில மணி நேரம் விட்டு இரண்டாவது முறை எடுத்து 20 சதவிகிதத்துக்கு மேல் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நலமாக இருக்கும் நாளில் ஒரு முறை எடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தால், நள்ளிரவில் வேறொரு மருத்துவமனையில் நிற்கும்போது அந்த ஓர் எண் பெரிய உதவி.

நெஞ்சு வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். 2007-இல் வந்த அமெரிக்க ஆய்வில், மாரடைப்போடு வந்த டயாலிசிஸ் நோயாளிகளில் 44 சதவிகிதம் பேருக்குத்தான் நெஞ்சு வலி இருந்தது, டயாலிசிஸில் இல்லாதவர்களில் 68. எடை கூடாமலே மூச்சு வாங்குவது, காரணமில்லாத வியர்வை, இதுவரை தாங்கிய அளவு தண்ணீரை எடுக்கும்போதே புதிதாகப் பிரஷர் இறங்குவது, கால் இரண்டும் திடீரென்று பலமிழப்பது. இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், "டயாலிசிஸ் பேஷண்ட், கடைசியாக இன்ன நாள் செய்தோம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

இப்போது கம்ப்யூட்டர் கணிப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். வயது, சுகர், பழைய மாரடைப்பு, ஆல்புமின், பாஸ்பரஸ், ரத்தம் எடுப்பது கழுத்து டியூபிலா ஃபிஸ்டுலாவிலா, எடை ஏற்றம், பிரஷர் எல்லாவற்றையும் போட்டால் ஒரு சதவிகிதம் தரும் மாதிரிகள் பல இருக்கின்றன. அவற்றை மதிப்பிட இரண்டு கேள்விகள் வேண்டும். ஒரு வருடத்துக்குள் இதயப் பிரச்சினை வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் எடுத்து, எத்தனை ஜோடியில் வந்தவருக்கு அதிக மதிப்பெண் கொடுத்தது? நூற்றுக்கு ஐம்பது என்றால் நாணயம் சுண்டுவதற்குச் சமம். எழுபதை ஒட்டி இருந்தால் உதவும், ஆனால் ஒரு தனி மனிதரிடம் தீர்ப்பாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. இரண்டாவது, 20 சதவிகிதம் என்று சொன்ன நூறு பேரில் நிஜமாக இருபது பேருக்கு வந்ததா? வாரம் மூன்று முறை செய்துகொள்ளும் வெளிநாட்டு முதியவர்களை வைத்துச் செய்த கணக்கு, வாரம் இரண்டு முறை வரும் நாற்பத்தைந்து வயது விவசாயத் தொழிலாளிக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நம் வார்டின் ஒரு வருடக் கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

அப்படி ஒரு எக்செல் ஷீட் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. காலிக் கட்டத்தைச் சராசரியால் நிரப்பாதீர்கள். எடை எழுதாத நாள் பெரும்பாலும் அவர் ஸ்ட்ரெச்சரில் வந்த நாள். அந்தக் காலிக் கட்டமே ஒரு தகவல். ட்ரோபோனின் எடுத்தவர்களுக்கு மட்டும் அந்த எண் இருந்தால், டாக்டருக்கு வந்த சந்தேகத்தைத்தான் கணினி கற்றுக்கொள்ளும். எல்லோருக்கும் ஒரே மாதத்தில் எடுத்தால் சேருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை வரும்போது மேலே சொன்ன எல்லா எண்களும் ஒன்றாகக் கெடும். வாய்க்கால் உடைந்து பாதை முழுகும், கரண்ட் போகும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது பல ஊர்களில் நாட்கணக்காக மின்சாரம் இல்லை. நான்கு மணி நேர டயாலிசிஸுக்கு, நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம், 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். கரண்ட் இல்லாமல் அது வராது. அதனால் ஆபத்து அதிகம் என்று நோட்டு சொல்கிறவர்களின் பெயரைப் புரட்டாசியிலேயே தனியாக எழுதி வைக்க வேண்டும். சிறுநீர் போகாதவர்கள், பொட்டாசியம் அடிக்கடி 6-ஐத் தொடுகிறவர்கள், பம்பிங் குறைந்தவர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் இவர்களை ஒரு நாள் முன்னதாகவே கூப்பிட்டுச் செய்துவிடலாம். பொட்டாசியத்தைக் கட்டும் பொடி மூன்று நாளுக்கு டாக்டர் சொன்ன அளவில் வீட்டில் இருக்கட்டும். பாதை மூடிய நாட்களில் முந்தின நாள் போன சிறுநீர் அளவோடு அரை லிட்டர் சேர்த்து அவ்வளவுதான் மொத்தத் தண்ணீர், மோர், ரசம், காபி எல்லாம் அதற்குள். நிவாரண முகாமில் கிடைக்கும் பிஸ்கட்டும் ஊறுகாய்ச் சோறும் உப்பு, வாழைப்பழம் பொட்டாசியம். வெறும் சோறும் உப்பில்லாத சாம்பாரின் மேல் தெளிவும் போதும்.

பாதை திறந்து முதலில் வரும் நாளில், ஊசி குத்தும் முன் ஈசிஜி, பொட்டாசியம். ஏறிய ஐந்து கிலோவையும் அன்றே எடுக்க வேண்டாம். முதல் நாள் எல்லைக்குள் இருப்பதை எடுத்துவிட்டு, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வரச் சொல்லுங்கள். இந்த மூன்று நாளுக்கும் எடை, குறைந்த பிரஷர், கரைசலில் பொட்டாசியம் எவ்வளவு என்பதை நோட்டில் தனித்தனி வரியாக எழுதுங்கள்.